எந்த மொழியில் கேட்டார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் மறதி நோயைப் (டிமென்ஷியா) பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பிரித்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது: பாதிக்கு மேல் வீட்டுக்குள் தமிழ் பேசாத குடும்பங்களிலிருந்து வந்தவை. நம் கொங்கு நாட்டில் கன்னடம் பேசும் தேவாங்கர், தெலுங்கு பேசும் நாயுடுமார், அருந்ததியர், பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட மலையாளிகள், மலைமேல் சோளகர், ஊராளி, இருளர், இப்போது பனியன் கம்பெனிகளை நம்பி வந்த ஒடிசா, பீகார்க்காரர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வீதியில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறோம், அதனால் ஒருவர் வீட்டுமொழி மற்றவருக்குத் தெரிவதில்லை. மறதி நோய் வந்த வீட்டில் அது தெரிந்தாக வேண்டும். இந்த முறை பெரும்பாலும் அந்தக் கடிதங்களுக்கே பதில் எழுதுகிறேன்.

*கேள்வி: நாங்கள் தேவாங்கர். என் மாமியாருக்கு 74 வயது, பள்ளிக்கூடம் போனதில்லை, அறுபது வயது வரை தறி வேலைதான். இரண்டு வருஷமாக மறதி. இப்போது தமிழே பேசுவதில்லை, கன்னடம் மட்டும்தான். என் பிள்ளைகளுக்கு அது புரியாது, எனக்கும் அரைகுறைதான். டாக்டரிடம் போனோம், தேதி என்ன, நூறிலிருந்து ஏழைக் கழி என்றெல்லாம் கேட்டுவிட்டு நோய் முற்றிவிட்டது என்றார்கள். நாங்கள் இனிமேல் தமிழிலேயே பேசிப் பழக்கினால் பழையபடி வருவாரா?*
— ஒரு மருமகள், சிறுமுகை

பதில்: முதலில் கடைசிக் கேள்விக்குச் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிறகு கற்ற மொழி முதலில் நழுவிப்போவதும், தாய் மடியில் கேட்ட மொழி கடைசி வரை ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்த நோயில் நிறையப் பேருக்கு நடக்கிறது. உங்கள் அத்தை பிடிவாதத்தில் கன்னடம் பேசவில்லை, அவர் கையில் இப்போது அந்த மொழிதான் மிச்சம் இருக்கிறது. அதையும் பேசாதே என்றால் அவர் வாயை மூடிக்கொள்வார். அப்புறம் நாம் "இப்பெல்லாம் ரொம்ப அமைதியாயிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இரண்டு மொழி பேசியதால்தான் குழம்பிவிட்டது என்று சிலர் சொல்வார்கள், அதுவும் தவறு. ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளைப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தள்ளித்தான் தெரிய ஆரம்பித்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படி ஒரு வித்தியாசம் இருந்தது. ஆக, கன்னடமும் தமிழுமாக வாழ்ந்தது உங்கள் அத்தைக்கு நல்லதைத்தான் செய்திருக்கும்.

சரி, அந்தச் சோதனைக்கு வருவோம். தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது, ஒரு படத்தைப் பார்த்து வரைவது எல்லாம் பள்ளிக்கூடம் போனவர்களை மனதில் வைத்துச் செய்த கேள்விகள். பென்சிலே பிடிக்காதவரிடம் தமிழில் கேட்டு, மார்க் குறைவாக வந்தது என்று சொன்னால், அந்த மார்க்கில் நோயின் பங்கு எவ்வளவு, மொழியின் பங்கு எவ்வளவு, பள்ளிக்கூடம் இல்லாததன் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருஷ மறதி என்றால் இருக்கத்தான் வாய்ப்பு. ஆனால் "முற்றிவிட்டது" என்பதை அந்த ஒரு சோதனையை வைத்து நம்பாதீர்கள். மறுபடி போய், கன்னடத்தில் கேளுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். டாக்டருக்குக் கன்னடம் தெரியாவிட்டால் உங்கள் வீட்டுக்காரரின் அக்கா, நன்றாகக் கன்னடம் பேசுபவர் யாராவது, கூட வரட்டும். அவர் கேள்வியை மட்டும் மாற்றிச் சொல்லவேண்டும், பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது, பாசத்தில் எல்லோரும் எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு என்ன தேதி என்று கேட்பதற்குப் பதில் அமாவாசை போய்விட்டதா, உங்கள் சௌடேஸ்வரி அம்மன் நோன்பில் கத்தி போடும் சடங்கு முடிந்து எத்தனை நாளாச்சு, வீட்டில் யார் யார் போனார்கள் என்று கேட்டால் அவர் நினைவு எங்கே நிற்கிறது என்பது இன்னும் சரியாகத் தெரியும். தறிக்குப் பாவு நூல் ஓட்டுவதற்கு என்னென்ன வேலை முதலில் செய்யவேண்டும் என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் கவனித்துக் கேட்கிறாரா என்றும் பாருங்கள்.

அதோடு பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எடுத்தார்களா? வழுக்கி விழுந்து மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டியிருந்தாலும் மறதி நோய் மாதிரியே இருக்கும், சரிசெய்துவிடலாம். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அத்தனை வருஷம் தறிச் சத்தத்தில் இருந்தவர், கேட்காததால் பதில் சொல்லாமல் இருந்தாலும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நான் வேலை பார்த்த காலத்தில் நேரில் கண்டது. கன்னடம் பேசும் ஒரு பாட்டி இரண்டு நாளாக "உரியுத்தே, உரியுத்தே" என்று சொல்லிக்கொண்டு சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்ட பெண் தமிழ்க்காரி, சேலையை உரியச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, புத்தி மாறி அசிங்கமாக நடக்கிறார் என்று சொல்லிவிட்டார், தூக்க மாத்திரை வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. கன்னடத்தில் உரி என்றால் எரிச்சல். பாட்டிக்குச் சிறுநீரில் கிருமி, எரிந்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்து கொடுத்ததும் நாலைந்து நாளில் தணிந்துவிட்டார். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் போகும், திடீரென்று இரண்டு நாளில் ஒருவர் மோசமானால் கிருமி, நீர்ச்சத்துக் குறைவு, உப்புக் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அதனால் ஒரு அட்டையில் பத்துப் பதினைந்து கன்னட வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சமையல்கட்டில் மாட்டுங்கள். நீரு என்றால் தண்ணீர், ஹசிவு என்றால் பசி, நோவு என்றால் வலி, உரி என்றால் எரிச்சல். சளி என்றால் குளிர், நம்முடைய சளி இல்லை, இது தெரியாமல் போர்வை கேட்பவருக்கு இருமல் மருந்து கொடுத்துவிடுவோம். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதுங்கள், தேவாங்கர் கன்னடம் மைசூர்க் கன்னடம் இல்லையே. பேரப்பிள்ளைகள் ஒரு வாரத்தில் படித்துவிடுவார்கள். பழைய ராட்டை இருந்தால் எடுத்துக் கொடுங்கள், நூல் தார் சுற்றட்டும். பேச்சு போன பிறகும் கை வேலையை மறக்காது. சுற்றிய நூல் சிக்கலாக வந்தால் அவர் பார்க்காதபோது எடுத்து வைத்துவிடுங்கள், பரவாயில்லை.

*கேள்வி: எங்கள் அப்பாருக்கு (அப்பாவின் அப்பாவுக்கு) நெனப்பு தப்பிப் போச்சு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், வெளியே தெரிந்தால் பரம்பரை நோய் என்பார்கள் என்று அப்பா ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போக விடமாட்டேன் என்கிறார்.*
— காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். எழுபது, எண்பது வயதில் வரும் மறதி நோய் பெரும்பாலும் அப்படி நேராகப் பேத்திக்கு இறங்குவதில்லை. ஐம்பது வயதுக்கு முன்பின்னாகவே, தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் பலருக்கு வந்தால் அது வேறு விஷயம், அது மிக அரிது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக நாடு தழுவிய ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பெண் கேட்டு வருகிறவர் வீட்டுப் பெரியவர்களையும் எண்ணிப் பார்த்தால் ஒருவர் இருப்பார். கல்யாணம் முடியட்டும் என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, அதற்குள் அப்பாரு இரவில் எழுந்து கிணற்றுப் பக்கம் போனால் யாருக்குப் பதில் சொல்வது? நாளைக்கே கூட்டிப் போங்கள்.

*கேள்வி: ஆசனூர்ப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுச் சோளகர் பெரியவர் ஒருவர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தேன் எடுக்கப் போகிறேன் என்று காட்டுக்குள் போய்விடுகிறார். திரும்பி வரத் தெரிவதில்லை. இரண்டு முறை ஊர்க்காரர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். காற்று அடித்துவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?*

பதில்: சார், கயிற்றை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். அது இருக்கட்டும், கூடவே இதையும் செய்வோம் என்று சொன்னால்தான் அந்த வீட்டில் உங்கள் பேச்சு எடுபடும். அவர்களுக்கு மறதி நோய் என்ற சொல்லே பழக்கமில்லை, தெரியாத சொல்லை வைத்துப் பயமுறுத்துவதைவிட "மூளையில் ஒரு நோய், மற்றதெல்லாம் நன்றாக இருக்கும், வழி மட்டும் மறக்கும்" என்று சொல்லுங்கள்.

முதல் வேலை உயிரைக் காப்பது. அது புலிகள் காப்பகம், யானை நடமாடும் நேரம் அவர் கிளம்பும் நேரம்தான். கதவில் ஒரு மாட்டுச் சலங்கை கட்டுங்கள், திறந்தால் வீட்டார் எழுந்துகொள்வார்கள். தேன் எடுக்கும் கூடையும் கத்தியும் கண்ணில் படும்போதுதான் போகவேண்டும் என்று தோன்றும், எனவே அவற்றை வேறு வீட்டில் வையுங்கள். எழுந்துவிட்டால் தடுத்து நிறுத்திச் சண்டை போடவேண்டாம், "வெளிச்சம் வரட்டும், நானும் வருகிறேன்" என்று சொல்லி ஒரு டம்ளர் டீ கொடுத்து உட்காரவைத்தால் பெரும்பாலும் மறந்துவிடுவார். பகலில் பையன்கள் யாராவது அவரோடு ஊரைச் சுற்றி நடக்கட்டும், அத்தனை வருஷம் காட்டில் நடந்த கால்கள், அதை ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் இரவில் தூங்க மாட்டார். வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலர்களில் அந்த மக்களே இருப்பார்கள், அவர்களிடம் பெரியவரின் முகத்தைச் சொல்லி வையுங்கள். காணாமல் போனால் அவர்களைவிட வேகமாகத் தேடுகிறவர் யாரும் இல்லை.

டாக்டர் விஷயம்தான் கஷ்டம். சத்தியமங்கலம் அரசு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும், ஒரு நாள் கூலி போய்விடும், வந்து சேர்ந்தால் அந்த நாள் மனநல டாக்டர் வரும் நாளாக இல்லாமல் இருக்கும். அதனால் கிளம்புவதற்கு முன் போன் செய்து மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் என்றைக்கு வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, காசு இல்லை, கன்னடத்திலும் பேசுவார்கள், சோளகர் பேச்சு கன்னடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த வீட்டாரே பேசலாம். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் போதும். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை கொடுக்க வரும்போது இவரைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்தது, வீட்டு வாசலுக்கு அரசாங்கம் வரும் ஒரே வழி மலைமேல் பல ஊர்களுக்கு அதுதான். வருகிறவருக்கு மறதி நோயைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் ஆசை, ஆசை மட்டுமில்லை, நடக்கக் கூடியதுதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில், டாக்டர் சுதர்சன் 1981-இல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரா என்ற பழங்குடி நல அமைப்பை ஆரம்பித்து சோளகர்களுக்கு நடுவிலேயே வைத்தியம் பார்த்தார், அந்தச் சமூகத்துப் பெண்பிள்ளைகளையே நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். பாட்டியிடம் கேள்வி கேட்பது பேத்தி வயதுப் பெண், பாட்டியின் மொழியிலேயே. ஆசனூரிலும் தாளவாடியிலும் அப்படி நாலு பெண்கள் இருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது.

*கேள்வி: நான் கோவையில் துப்புரவு வேலை, காண்ட்ராக்ட். வீட்டில் தெலுங்கு பேசுவோம். அம்மாவுக்கு மறதி, காலை அஞ்சு மணிக்கு விட்டுட்டுப் போகணும். ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்களை நிற்கவைத்தே பேசி அனுப்புகிறார்கள், அதனால் அம்மா வரமாட்டேன் என்கிறது.*

பதில்: தங்கச்சி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவ்வா என்று நான் கூப்பிட்ட என் பாட்டியும் தெலுங்குதான் பேசும். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது இரவெல்லாம் "மஞ்சிநீள்ளு, மஞ்சிநீள்ளு" என்று கேட்டிருக்கிறது. குடிக்கிற தண்ணீர் என்று அர்த்தம். அந்த நர்ஸ் பிள்ளைக்கு அது மஞ்சள்நீர் என்று கேட்டிருக்கிறது, ஏதோ கோவில் நினைப்பில் உளறுகிறது என்று விட்டுவிட்டது. காலையில் நான் போனபோது உதடு வெடித்திருந்தது, கேஸ் சீட்டில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள். இருபது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அந்த வரி என் கண்ணில் நிற்கிறது. எங்களுக்குக் கேட்க ஆள் இருந்தும் இப்படி. உங்களை நிற்கவைத்துப் பேசுவதில் மொழி மட்டும் இல்லை, சாதியும் இருக்கிறது, அதை மூடி மறைத்து நான் பதில் எழுத முடியாது. அம்மா வரமாட்டேன் என்பது நோயால் இல்லை, மானத்தால்.

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று முதலில் கேட்டு அவரைப் பார், வரிசைக்குப் பொறுப்பான ஆளிடம் நின்று மன்றாடாதே. கூட ஒருவரை, உங்கள் சங்கத்து ஆளாக இருந்தாலும் சரி, கூட்டிப் போ. கூட ஆள் இருந்தால் பேச்சு மாறும், அது இருக்கக்கூடாத நிலைமைதான், ஆனாலும் போ. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வருகிறதா? இல்லையென்றால் விண்ணப்பிக்க வேண்டும், வந்துகொண்டிருந்தால் பணம் வேறு கைக்குப் போகாமல் நீயே கூட இருந்து வாங்கு. 14567 என்பது முதியோருக்கான உதவி எண், இதற்கெல்லாம் வழி கேட்கலாம்.

காலை அஞ்சு மணிக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் இருந்தாலும் மாதக் கட்டணம் உன் சம்பளத்துக்குக் கட்டாது, காலனிக்குள் அரசாங்கம் நடத்தும் பகல் பராமரிப்பு இடம் வரவேண்டும், அங்கன்வாடி மாதிரி, அதே தெருப் பெண்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடமாக. கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். அது வரை உங்கள் லைனில் மூன்று நாலு வீட்டில் இதே நிலைமையில் பெரியவர்கள் இருந்தால், ஷிப்ட் மாற்றி ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார முடியுமா என்று பார். அடுப்பு கேஸை ரெகுலேட்டரிலேயே அணைத்துவிட்டுப் போ. அம்மாவுக்குப் புடவை முந்தானையில் உன் போன் நம்பரைத் தைத்து வை.

*கேள்வி: என் அக்கா இங்கிலாந்தில் மகன் வீட்டில் இருக்கிறார். ஞாபகமே இல்லை என்கிறார்கள். அந்த மகனிடம் கேட்டால் இங்கிலீஷ் தெரியாதவரை டாக்டரிடம் கூட்டிப்போய் என்ன செய்ய என்கிறார். எல்லா வசதியும் உள்ள நாடுதானே?*
— பெருந்துறை வாசகி

பதில்: வசதி இருக்கிறதுங்க, அந்த வாசல் வரைக்கும் நம் ஆட்கள் போவதுதான் தாமதம். தெற்காசியக் குடும்பங்கள் நோய் முற்றிய பிறகுதான் வருகின்றன என்று அங்கே பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிடுவது, வெளியே தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்ற பயம், நம் சாப்பாடு, நம் பேச்சு இல்லாத இடத்தில் எப்படி விடுவது என்ற தயக்கம். காங்கேயத்துக் கடிதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள்.

அக்கா மகனிடம் இதைச் சொல்லுங்கள். குடும்ப டாக்டரிடம் நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லவேண்டும், அரசு மருத்துவச் சேவையில் அதற்குக் காசு கிடையாது. மகனே மொழிபெயர்ப்பதைவிட அதுதான் நல்லது, அம்மாவுக்கு உள்ளாடை நனைகிறதா என்று மகன் எப்படிக் கேட்பான், அம்மா எப்படிச் சொல்வார்? குடும்ப டாக்டர் மறதியைச் சோதிக்கும் மெமரி கிளினிக்குக்கு அனுப்புவார். ருடாஸ் என்று ஒரு சோதனை இருக்கிறது, பல நாட்டு மக்கள் வந்து குடியேறிய ஆஸ்திரேலியாவில், எந்த மொழியில் மாற்றினாலும் பொருந்த வேண்டும் என்றே செய்து 2004-இல் வெளியிட்டது. அதில் நினைவுக்குக் கொடுப்பது ஒரு மளிகைப் பட்டியல்: டீ, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு. ரோட்டை எப்படிப் பத்திரமாகத் தாண்டுவீர்கள் என்று கேட்பார்கள். அக்கா முட்டை வாங்காத வீட்டுக்காரராக இருந்தாலும் சொல்லிவிடுவார். அந்தச் சோதனையைச் செய்ய முடியுமா என்று கேட்கலாம். பார்த்துக்கொள்கிற மருமகளுக்கும் என்ன உதவி வேண்டும் என்று உள்ளூர் கவுன்சில் கணக்கெடுக்கும், அதையும் கேட்டு வாங்கவேண்டும். பண உதவிகள் மட்டும் அக்காவின் விசா எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தவை, அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் இங்கிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. தினமும் ஒரே நேரத்துக்கு வீடியோவில் கூப்பிட்டு நம் ஊர்ப் பேச்சில் பேசுங்கள். "என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லு" என்று சோதிக்காதீர்கள். நீங்களே பெயரைச் சொல்லிவிட்டு, சின்ன வயதில் அமுச்சி வீட்டுக்குப் போனது, தேர் பார்க்கப் போனது என்று ஆரம்பித்துவிடுங்கள், மீதியை அவர் சொல்வார்.

*கேள்வி: திருப்பூரில் எங்கள் லைன் வீட்டில் ஒடிசாக்காரப் பையன் அப்பாவை ஊரிலிருந்து கூட்டிவந்து வைத்திருக்கிறான். அவர் தினமும் வழி தெரியாமல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடுகிறார். விரட்டவும் மனசு வரவில்லை.*

பதில்: விரட்டாமல் இருந்தீர்களே, அதுவே பெரிது. பையனிடம் 14416 எண்ணைக் கொடுங்கள், ஒடியாவிலும் பேசுவார்கள். வேலைக்கு லீவு போட்டால் கூலி பிடிப்பார்கள் என்று தள்ளிப்போடுவான், நீங்களே ஒரு நாள் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய்வர முடிந்தால் போய்வாருங்கள். அது வரை, பெரியவர் பெயர், மகன் பெயர், லைன் வீட்டு எண், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் தமிழில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், தெருமுனை டீக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் சொல்லி வையுங்கள். அடுத்த முறை உங்கள் வீட்டுக்குள் வந்தால் உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். ஒடியாவில் தண்ணீருக்குப் பாணி என்று பெயர்.